தோந்தே எஸ்தான்? – நான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய கதை



"எந்த நாட்டுக்குப் பிள்ளை போகப் போறாய்?"

நான் ஸ்பானிய மொழி படிக்கிறேன் என்று தெரியவந்ததும் எல்லோரும் கேட்ட முதற் கேள்வி இதுதான். அம்மா கேட்டார். அலுவலகத்தில் தேநீர் போடும் அக்காவும் கேட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் புதிதாக ஒரு பாஷை படிக்கிறாள் என்றால் ஒன்றில் விசா வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் வரவில்லை. வந்தது ஒரு படம்.

கொழும்பில் நடந்த பயிற்சிப் பட்டறையொன்றில் தந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. வெள்ளைத் துணியால் தலையை மூடிக் கட்டிய வயதான பெண்கள், கைகளில் பிள்ளைகளின் படங்கள், நடுவில் ஒரு பதாகை. பதாகையில் இருந்தவை ஆங்கிலப் பாடத்தில் படித்த அதே எழுத்துகள்தான், ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இந்தத் தாய்மாரைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்புப் பாடமாக்கிப் பரீட்சையில் புள்ளியும் எடுத்திருக்கிறேன். அவர்களின் பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது பயிற்சி தந்தவரிடம் கேட்டேன். "தோந்தே எஸ்தான்?" என்று வாசித்தார். "அவர்கள் எங்கே?" என்று அர்த்தம் சொன்னார்.

நான் வேலை செய்யும் கிராமத்தில் கிழமைக்கு நாலு தரம் கேட்கும் கேள்வி அது. அன்றிரவே போனில் தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஸ்பெயினில் பிறந்த இந்த மொழி இன்று 20 நாடுகளில் அரச மொழி. கிட்டத்தட்ட 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. இதைப் பேசுவோரில் மிகப் பெரும்பாலானோர் மெக்சிக்கோ, கொலம்பியா, பேரு, சிலி, ஆர்ஜென்டீனா என்று அமெரிக்கக் கண்டத்தில்தான் இருக்கிறார்கள். நான் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன், அதுவும் என் அரைகுறை ஆங்கிலம். ஒரு கொப்பி, போனில் கொஞ்சம் டேட்டா, கள வேலைக்குப் போகும் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம்.

முதல் வாரத்திலேயே ஒரு புதினம் நடந்தது. வீட்டுச் சாமான்களின் பெயர்களைப் படிக்கும் பாடம். மேசைக்கு 'மேஸா'. சப்பாத்துக்கு 'ஸபாதோ'. அலுமாரிக்கு 'அர்மாரியோ'. துவாய்க்கு 'தொஆயா'. நாங்கள் இருக்கிற வாங்குக்கு 'பாங்கோ'. காலையில் சாப்பிடும் பாணுக்கு 'பான்'. இதென்ன, எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதினார்களா என்று இருந்தது. பிறகுதான் விளங்கியது. இவை போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிய மொழியும் அக்கா தங்கை மாதிரி. கோட்டையும் வரியும் கொண்டுவந்தவன் போய்விட்டான், அவனுடைய துவாய் மட்டும் எங்கள் கொடியில் காய்கிறது.

ஆனால் அக்காவை நம்பித் தங்கையிடம் போகக் கூடாது. எங்கள் கதிரையும் போர்த்துக்கேயச் சொல்தான். ஆகவே ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவுகட்டி, பேசிப் பழக்கும் ஆசிரியையிடம் "என் கதேரா பழையது, ஆடுகிறது" என்று சொன்னேன். கொலம்பியாவில் இருந்து கிழமைக்கு ஒருமுறை போனில் கற்பிப்பவர் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். ஸ்பானிய மொழியில் 'கதேரா' என்றால் இடுப்பு. கதிரைக்கு 'ஸீயா' என்று வேறு சொல் இருக்கிறது. பேனாவும் அப்படித்தான். எங்கள் பேனா போர்த்துக்கேயர் தந்தது. ஸ்பானிய மொழியில் அதே 'பேனா' என்றால் துயரம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த மொழியின் உச்சரிப்பு அவ்வளவு கஷ்டமில்லை. ஆங்கிலேயர் திண்டாடும் 'த' எங்களுக்கு நாக்கு நுனியில் நிற்கிறது. 'ன்' எழுத்துக்கு மேலே ஒரு சின்ன அலை போட்டு ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். அது அப்படியே எங்கள் ஞகரம். குழந்தை 'நீஞோ', நாளை 'மஞானா'. ரகரத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'பேரோ' என்றால் 'ஆனால்', ரகரத்தை அதிர விட்டுப் 'பெர்ரோ' என்றால் நாய். நான் பல நாள் 'ஆனால்' சொல்லும் இடமெல்லாம் நாயைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இலக்கணமும் ஓரிடத்தில் எங்களோடு நெருங்கி வருகிறது. ஆங்கிலத்தில் 'நான்', 'அவர்கள்' என்று முன்னால் சொல்லாமல் வசனம் நிற்காது. தமிழில் 'வந்தேன்' என்றாலே போதும். ஸ்பானிய மொழியிலும் 'வீனே' என்றால் வந்தேன், 'வினியேரோன்' என்றால் வந்தார்கள். யார் என்பது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெக்சிக்கோவில் 2014 செப்டெம்பரில் அயொட்சினாப்பா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் 43 மாணவர்கள் கொண்டு செல்லப்பட்டபோது பெற்றோர் தெருக்களில் எழுப்பிய கோஷம் ஒன்று உண்டு. உயிரோடு கொண்டு போனார்கள், உயிரோடு வேண்டும் என்பது அதன் பொருள். அகராதி பார்க்காமல் நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் வசனம் அதுதான். கொண்டு போனார்கள் என்பதற்கு 'யெவாரோன்' என்ற ஒரே சொல். யார் கொண்டு போனார்கள் என்று அதில் இல்லை. எங்கள் அம்மாமார் "கொண்டு போட்டாங்கள்" என்று சொல்லும்போதும் யார் என்று சொல்வதில்லை. கேட்கிறவருக்குத் தெரியும்.

இப்போது நான் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படிவத்தில் குடும்பத் தலைவர் பற்றிய கேள்விக்கு மூன்று பெட்டிகள். உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார், பிரிந்துவிட்டார். மகனையும் கணவரையும் 2009 மே மாதம் கையளித்துவிட்டு வந்த ஓர் அம்மா முன்னால் இருந்தார். பின்னால் வரிசை நீண்டு நின்றது. நான் 'இறந்துவிட்டார்' என்ற பெட்டியில் சரி போட்டேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தேன். அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அந்த வருடம் அவருக்குக் கோழிக்கூடு கிடைக்கவில்லை.

அடுத்த முறை போய் மன்னிப்புக் கேட்டேன். விளக்கமாக எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி, 'காணாமல் போனவர்' என்று எழுதினேன். அதையும் அவர் விடவில்லை. "போகேல்லைப் பிள்ளை. அவையள் தாங்களாப் போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போயிருப்பினம்" என்றார்.

இந்த அம்மா சொன்ன இலக்கணத்தைத்தான் நான் பல வருடம் கழித்து ஸ்பானியப் பாடத்தில் படித்தேன். 'தெஸாபரெஸேர்' என்றால் மறைதல், காணாமல் போதல். மழை நிற்பதுபோல, மேகம் கலைவதுபோல, தானாக நடப்பது. யாரையும் அப்படிச் 'செய்ய' முடியாது என்றுதான் பாடம் சொல்லும். ஆனால் இலத்தீன் அமெரிக்காவில் சனங்கள் அதை வளைத்துவிட்டார்கள். 'லோ தெஸாபரெஸியேரோன்' என்றார்கள், 'அவனைக் காணாமலாக்கினார்கள்' என்று. அதிலிருந்து 'தெஸாபரெஸீதோ' என்பது ஒரு மனிதருக்கே பெயராயிற்று. தமிழிலும் காணாமல் போனோர் என்றுதான் முதலில் எழுதினோம். பிறகு தாய்மார் விடாமல் சொல்லிச் சொல்லி, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று மாறியது. இலங்கையில் 2016 இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் பெயரில் இன்னும் 'காணாமற்போன' என்றுதான் இருக்கிறது. 2018 இல் வந்த சட்டத்தில் 'காணாமலாக்கப்படுதல்' என்று வந்துவிட்டது. இரண்டு எழுத்து வித்தியாசம் என்று சிலர் சிரிப்பார்கள். அந்த அம்மா ஒரு கோழிக்கூட்டை இழந்து வாங்கிய வித்தியாசம் அது.

ஆர்ஜென்டீனாவில் 1976 மார்ச் மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசம்பர் வரை அது நீடித்தது. பிறகு அமைத்த ஆணைக்குழு 1984 இல் கிட்டத்தட்ட 9,000 பேரின் விபரத்தைப் பதிந்தது. உறவினர் அமைப்புகள் 30,000 என்கிறார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் தலைநகர் புவனஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் இருக்கும் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது பொலிஸ். சரி, நகர்கிறோம் என்று ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு சதுக்கத்தின் நடுவில் நிற்கும் தூபியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பொலிஸ் சொன்னதைத்தான் செய்தார்கள்! பிறகு ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் மூன்றரைக்கு அந்த நடை நடந்தது.

தலையில் கட்டிய வெள்ளைத் துணிக்குப் 'பாஞுவேலோ' என்று பெயர். அதே வருடம் ஒக்ரோபரில் லுஹான் மாதா கோயிலுக்குப் பெரிய யாத்திரை நடந்தபோது, சனத்துக்குள் ஒருவரையொருவர் அடையாளம் காண ஏதாவது வேண்டும் என்று யோசித்து, பிள்ளைகளுக்குக் கட்டிய பழைய அணைத்துணியை எடுத்துத் தலையில் கட்டினார்களாம். எந்தத் தாயின் பெட்டியிலும் அப்படி ஒரு துணி கிடக்கும்.

முதலில் அவர்களைக் கூட்டிச் சேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் என்ற தாயை 1977 டிசம்பர் 10 அன்று கொண்டு போனார்கள். மகனைத் தேடிய தாயும் காணாமல் ஆக்கப்பட்டார். கடல் கரையொதுக்கிய அவரது உடல் பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருந்தது. 2005 இல்தான் எலும்புகளை வைத்து அது அவர்தான் என்று உறுதிசெய்தார்கள். சாம்பலை அவர் நடந்த அதே சதுக்கத்தில் புதைத்தார்கள்.

சிறையில் பிறந்து வேறு வீடுகளுக்குக் கொடுக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடப் பாட்டிமார் தனியாக ஓர் அமைப்புத் தொடங்கினார்கள். பாட்டிக்கு 'அபுவேலா' என்று பெயர். பெற்றோரே இல்லாதபோது பாட்டியின் இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டவர்கள் இவர்கள்தான். முடியும் என்று அமெரிக்க மரபணு விஞ்ஞானி மேரி கிளயர் கிங் முதலானோர் ஒரு வழி கண்டார்கள். அந்த அளவுகோலுக்கு 'அபுவெலிதாத்' என்ற சொல்லால் பெயர் வைத்தார்கள். தாய்மை என்பதுபோல, பாட்டிமை! 1987 இல் அரசு மரபணு வங்கி ஒன்றைச் சட்டத்தால் அமைத்தது. 2025 நடுப்பகுதிவரை 140 பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளனர். அமைப்பின் தலைவி எஸ்தெலா தெ கார்லோத்தோ தன் சொந்தப் பேரனைக் கண்டது 2014 இல். அப்போது பேரனுக்கு வயது 36.

ஓகஸ்ட் 30 அன்று எங்கள் அம்மாமாரும் படங்களோடு தெருவில் நிற்கிறார்கள். அந்த நாளைத் தெரிவு செய்தது ஐக்கிய நாடுகள் சபை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளின் குடும்பங்கள் 1981 இல் கொஸ்தா ரீக்காவில் கூடி ஓர் ஒன்றியம் அமைத்தன. இந்த நாளை அனுஷ்டிக்கத் தொடங்கியது அவர்கள்தான். ஐ.நா. 2011 இல் இருந்துதான் அனுஷ்டிக்கிறது.

தையல் தெரிந்த தோழிகளுக்கு ஒரு சொல் தருகிறேன். 'அர்பியேரா'. சாக்குத்துணி என்று அர்த்தம். சிலி நாட்டில் 1973 செப்டெம்பர் 11 இராணுவப் புரட்சிக்குப் பின் கணவனையும் பிள்ளையையும் இழந்த பெண்கள் கோயில் மண்டபங்களில் கூடித் தைத்தார்கள். அடியில் சாக்கு, மேலே வெட்டுத்துணிகள். சிலர் காணாமல் ஆக்கப்பட்டவரின் சேட்டிலிருந்தே துண்டு வெட்டினார்கள். மேலே மலைத்தொடரும் சூரியனும். கீழே பொது அடுப்பில் சமைக்கும் பெண்கள், வேலையில்லாமல் மூடிய தொழிற்சாலை, நடுவில் படம் பிடித்து நிற்கும் தாய். சிலவற்றின் பின்புறம் ஒரு சின்னப் பை தைத்து, அதற்குள் ஒரு துண்டுக் கடிதம். கத்தோலிக்கத் திருச்சபையின் மனித உரிமை அலுவலகம் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றது. அந்தக் காசில் அடுப்பு எரிந்தது, செய்தியும் வெளியே போனது. எங்கள் நிறுவனங்கள் தையல் பயிற்சி என்றால் தலையணை உறையும் கதவுச் சீலையும்தான் தைக்கச் சொல்கின்றன. நானும் அப்படித்தான் எத்தனையோ திட்டம் எழுதியிருக்கிறேன். பூவைத் தவிர வேறெதையும் தைக்க விருப்பமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதே பெண்கள் ஆடவும் செய்தார்கள். 'குவேக்கா' என்பது ஆணும் பெண்ணும் கையில் லேஞ்சி வீசி இணையாக ஆடும் சிலி நாட்டு நடனம். 1978 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று ஒரு பெண் மேடையில் தனியாக அதை ஆடினார். எதிரில் ஆள் இல்லாத இடத்தைச் சுற்றி ஆடினார். அடுத்த வருடம் இராணுவ அரசு அதே குவேக்காவைத் தேசிய நடனமாகப் பிரகடனம் செய்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஸ்பானிய மொழியைத் தலையில் தூக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை. அந்தக் கண்டத்துக்கு அது வாளோடு வந்த மொழி. குவாத்தமாலாவில் மாயா பழங்குடிப் பெண்களுக்கு அது பொலிஸின் மொழி, நீதிமன்றத்தின் மொழி. 1980களில் செப்பூர் சார்க்கோ இராணுவ முகாமில் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்களின் வழக்கு 2016 இல்தான் தீர்ந்தது. இரண்டு முன்னாள் படையினருக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, தங்கள் கெக்சி மொழியில், மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் சாட்சி சொன்னார்கள். தன் பாஷை தெரியாதவர் முன்னால், இடையில் ஒருவரை வைத்துக்கொண்டு, அந்தரங்கமானதைச் சொல்வது எப்படி என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று பிறகு யாருக்குத் தெரியும்?

இப்போது எனக்குப் படிப்பு நடுவழியில் நிற்கிறது. 'இருத்தல்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் இரண்டு வினைகள். நிரந்தரமானதற்கு 'ஸேர்', மாறக்கூடிய நிலைக்கு 'எஸ்தார்' என்று தொடக்கப் பாடத்தில் சொல்லித் தருவார்கள். பெண்ணாக இருக்கிறேன் என்றால் 'ஸேர்', களைப்பாக இருக்கிறேன் என்றால் 'எஸ்தார்'. அப்படியானால் இறந்திருப்பதற்கு எது? ஸேர் என்றுதான் நான் எழுதினேன். பிழை. இறப்புக்கும் 'எஸ்தார்'தான். ஏன் என்று கேட்டேன். ஆசிரியை கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அது அப்படித்தான், பாடமாக்குங்கள் என்றார். எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்கும் அதே வினைதான், பதாகையில் இருந்தது. 1979 இல் ஆர்ஜென்டீனாவின் சர்வாதிகாரி விதேலா பத்திரிகையாளரிடம், காணாமல் ஆக்கப்பட்டவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, அவருக்கு இருப்பே இல்லை என்று சொன்னபோதும் இதே வினையைத்தான் பாவித்தான்.

என் ஆசிரியையின் நாட்டிலும் 50 வருடத்துக்கு மேல் போர். அரசும் ஃபார்க் இயக்கமும் 2016 இல் ஒப்பந்தம் செய்தார்கள். நான் எந்த ஊர் என்று சொன்னதும் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமைக்கு வீட்டுப்பாடம் தந்தார். தெரிந்த ஒருவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஐந்து வசனம் எழுத வேண்டும்.

இதுவும் தமிழ்போலத்தான். 'எனக்குப் பிடிக்கும்' என்று நாங்கள் சொல்வதுபோல அவர்களும் 'மே குஸ்தா' என்பார்கள். 'அவனுக்குப் பிடிக்கும்' என்றால் 'லே குஸ்தா'. முந்திப் பிடிக்கும், இப்போது இல்லை என்றால் 'லே குஸ்தாபா'. நான் அந்தக் கோழிக்கூட்டு அம்மாவின் மகனைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவனைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும். புட்டும் மாம்பழமும் விருப்பம். சைக்கிள் கழுவ விருப்பம். தமிழில் எழுதி முடித்தாயிற்று. தமிழில் 'விருப்பம்' என்று நிறுத்திவிடலாம், காலம் சொல்லத் தேவையில்லை. ஸ்பானிய மொழி விடாது. குஸ்தாவா, குஸ்தாபாவா என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு நாள் அந்தக் கொப்பியோடு திரிந்தேன். மூன்றாம் நாள் அவரிடமே போனேன். முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்தார். "அம்மா, தம்பிக்குப் புட்டு விருப்பம் எண்டு எழுதவோ, விருப்பமா இருந்தது எண்டு எழுதவோ?"

அரிதட்டை நிறுத்தாமலே சொன்னார். "விருப்பம் எண்டு எழுது. இருந்தது எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

ஐந்து வசனத்திலும் 'குஸ்தா' என்றே எழுதி அனுப்பினேன். ஆசிரியை ஐந்துக்கும் சரி போட்டு, தம்பி இப்போது என்ன செய்கிறார் என்று கீழே கேட்டிருந்தார்.